அன்று அரைப் பள்ளி! இன்று அரை மருத்துவர்!

வானம் பார்த்த பூமி என்று ஏட்டிலே எழுதுவார்கள். வானத்தைப் பார்த்துப் பார்த்தே கண் பூத்துப்போன மக்களின் நாடு எங்கள் நாடு. அருப்புக்கோட்டையில் தறி ஓடினால் அடுப்பு எரியும். திருச்சுழிப் பக்கம் குண்டாற்றில் தண்ணீர் வந்தால் கண்மாய் நிறையும். தறியும் நின்று, ஆறும் வறண்டுவிட்டால், சீமைக்கருவேலத்தை வெட்டி, மூட்டம் போட்டு, கரியாக்கி விற்று வயிறு கழுவவேண்டும்.

அந்தக் கருவேலங்காட்டில்தான் என் மாணவன் ஒருவனைப் பாம்பு தீண்டியது. எட்டாம் வகுப்புச் சிறுவன். விடுமுறை நாளில் தந்தைக்குத் துணையாக விறகு அடுக்கச் சென்றவன். கடித்தது கண்ணாடி விரியன்.

முப்பது ஆண்டுகளுக்கு முன்பென்றால் பார்வை பார்ப்பவரிடம் தூக்கிச் சென்றிருப்பார்கள். வேப்பிலை அடித்துத் திருநீறு பூசியிருப்பார்கள். இன்று அப்படிச் செய்யவில்லை. மந்திரத்தால் நஞ்சு இறங்காது என்று நாம் மேடைதோறும் பேசியது வீண் போகவில்லை. ஊரார் ஓடினார்கள், ‘டாக்டர்’ என்று ஊர் அழைக்கும் ஒருவரிடம்! அவர் மருத்துவம் படித்தவர் அல்லர். பட்டணத்து மருத்துவமனை ஒன்றில் சில ஆண்டுகள் எடுபிடியாக இருந்தவர். கடிவாயைக் கழுவினார், ஓர் ஊசி போட்டார், “பயப்படாதீர்கள், வீட்டுக்குக் கொண்டுபோங்கள்” என்றார். மாலையில் பையனின் ஈறிலிருந்து குருதி கசிந்தது. இரவோடு இரவாக மதுரைப் பெரியாஸ்பத்திரி. பிழைத்துக்கொண்டான். ஆனால், சிறுநீரகம் பழுதுபட்டு, வாரக்கணக்கில் இயந்திரத்தின் துணையோடு குருதியைச் சுத்தம் செய்துதான் அவனை மீட்க முடிந்தது.

ஊசி போட்டவர் கொடியவரா? இல்லை. வாங்கிய கட்டணமும் சொற்பம். தமக்கு எது தெரியாது என்பது அவருக்குத் தெரியவில்லை, அவ்வளவுதான். விரியன் நஞ்சு குருதியை உறையவிடாது. உலர்ந்த, தூய கண்ணாடிக் குழாய் ஒன்றில் சிறிது குருதியை எடுத்து, இருபது நிமிடம் அசையாமல் வைத்துச் சாய்த்துப் பார்த்தால் போதும். உறைந்ததா, உறையவில்லையா என்று தெரிந்துவிடும். அதற்கு மாளிகை வேண்டாம், மின்விசை வேண்டாம், இலட்ச ரூபாய்க் கருவி வேண்டாம். அறிவு வேண்டும்! முறையாகக் கற்ற அறிவு வேண்டும்!

இந்த நிகழ்ச்சியை நெஞ்சில் சுமந்துகொண்டு ஒரு சட்டத்தைப் படித்தேன். 2019-ஆம் ஆண்டின் தேசிய மருத்துவ ஆணையச் சட்டம் அது. இலக்கிய நூலை ஆராய்வதுபோல் ஒரு சட்டத்தை ஆராயலாமா என்று கேட்பீர்கள். ஆராயத்தான் வேண்டும். காவியத்தில் ஒரு சொல் பிழைபட்டால் கவிஞனுக்குத்தான் இழுக்கு. சட்டத்தில் ஒரு சொல் பிழைபட்டால் சாவது குடிமகன்!

முதலில் அது பிறந்த கதையைப் பாருங்கள். பாரதப் போர் பதினெட்டு நாள் நடந்ததாகப் புராணிகர் கூறுவர். இந்தச் சட்டமும் பதினெட்டு நாளில் முடிந்தது. 2019 ஜூலை 22-இல் மக்களவையில் நுழைந்தது, 29-இல் நிறைவேறியது, ஆகஸ்டு 1-இல் மாநிலங்களவையைக் கடந்தது, 8-ஆம் நாள் குடியரசுத் தலைவரின் ஒப்புதலைப் பெற்றுவிட்டது. நூற்று முப்பது கோடி மக்களின் உடல்நலத்தைப் பற்றிய ஒரு சட்டம், எந்த நாடாளுமன்றக் குழுவின் ஆய்வுக்கும் அனுப்பப்படாமலே சட்டமாகிவிட்டது. ஜூலை 31-இல் நாடெங்கும் மருத்துவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். மறுநாளே மாநிலங்களவை அதை நிறைவேற்றியது!

“முன்பே குழு ஆராய்ந்ததே!” என்பார்கள். எதை ஆராய்ந்தது? 2017 டிசம்பர் 29-இல் கொண்டுவரப்பட்ட பழைய மசோதாவை. ஆயுர்வேதம் முதலிய முறைகளைக் கற்றவர்கள் ஓர் இணைப்புப் பயிற்சி பெற்று நவீன மருந்துகளை எழுதித் தரலாம் என்ற ஏற்பாடு அதில் இருந்தது. எதிர்ப்பு மூண்டது, நிலைக்குழுவுக்கு அனுப்பினர், 2018 மார்ச்சில் அந்த ஏற்பாட்டை அரசே கைவிட்டது. மக்களவை கலைந்ததும் மசோதாவும் காலாவதியானது. மீண்டும் பிறந்து வந்தபோது இணைப்புப் பயிற்சி இல்லை. அந்த இடத்தில் 32-ஆவது பிரிவு அமர்ந்திருந்தது! குழுவின் கண்முன் வைக்கப்பட்ட மசோதாவில் இல்லாத பிரிவு அது.

என்ன சொல்கிறது அந்தப் பிரிவு? ‘சமுதாய நலவாழ்வு வழங்குநர்’ என்ற புதுப் பெயரில், ‘இடைநிலை’யில் மருத்துவம் செய்ய ‘வரம்புள்ள உரிமம்’ வழங்கலாம் என்கிறது. யாருக்கு? நவீன அறிவியல் மருத்துவத் தொழிலோடு ‘தொடர்புடைய’ ஒருவருக்கு! தொடர்பு என்றால் என்ன? செவிலியரும் தொடர்புடையவர்தான், மருந்துக்கடையில் மாத்திரை எடுத்துத் தருபவரும் தொடர்புடையவர்தான், என் மாணவனுக்கு ஊசி போட்டவர்கூட “நானும் தொடர்புடையவனே” என்று வாதாட இடமிருக்கிறது. என்ன படித்திருக்க வேண்டும்? விதிகள் சொல்லுமாம். எந்த அளவுக்கு மருத்துவம் செய்யலாம்? விதிகள் சொல்லுமாம். எத்தனை காலத்துக்கு? அதையும் விதிகள் சொல்லுமாம். ஆக, உயிரைத் தொடும் கேள்விகளுக்கெல்லாம் சட்டத்தில் இடம் காலி! நாடாளுமன்றம் கையெழுத்திட்டுக் கொடுத்தது நிரப்பப்படாத ஒரு தாள்.

ஓர் எண்ணை மட்டும் மறக்காமல் எழுதியிருக்கிறார்கள். பதிவுபெற்ற மருத்துவர் தொகையில் மூன்றில் ஒரு பங்குவரை இத்தகையவர்களுக்கு உரிமம் தரலாம். அந்நாளில் பதிவுபெற்ற மருத்துவர்கள் பத்து இலட்சத்துக்கு மேல். மூன்று இலட்சத்தைத் தாண்டிய ஒரு படைக்குக் கதவு திறந்தாயிற்று. அந்தப் படைக்கு என்ன பயிற்சி என்பது மட்டும் எழுதப்படவில்லை. எண்ணிக்கை தெரிந்தது, எண்ணம் தெளியவில்லை!

இனி, பிரிவின் உயிர்நிலைக்கு வருவோம். இந்த ‘வழங்குநர்’, ஆரம்ப மருத்துவத்திலும் நோய்த்தடுப்பிலும் குறிப்பிட்ட மருந்துகளைத் தாமாகவே எழுதித் தரலாம். மற்றவற்றில் மருத்துவரின் மேற்பார்வை வேண்டும் என்கிறது சட்டம். படித்தால் பாதுகாப்பாகத் தோன்றும். அடியில் கிடக்கும் நினைப்பு என்ன? ஆரம்ப மருத்துவம் என்பது எளிய மருத்துவம். சின்ன நோய்க்குச் சின்ன மருத்துவர் போதும் என்ற நினைப்பு!

தோழர்களே, நோய் தன் நெற்றியில் ‘சின்னது’, ‘பெரியது’ என்று எழுதி ஒட்டிக்கொண்டா வருகிறது? காய்ச்சல் என்று வருகிறான் ஒரு தறிக்காரன். அது சளிக் காய்ச்சலா, டெங்குவா, டைபாய்டா? நெஞ்சு கரிக்கிறது என்கிறாள் களைவெட்டும் தாய். அது வயிற்றுப் புளிப்பா, மாரடைப்பா? கால் வீங்கியிருக்கிறது என்கிறான் சிறுவன். முள் குத்தியதா, விரியன் தீண்டியதா? இது ஆரம்ப மருத்துவம், இது ஆரம்ப மருத்துவம் அன்று என்று பிரிப்பதற்கே மருத்துவம் முழுவதும் தெரிந்திருக்க வேண்டுமே! மாநகரத்து வல்லுநரிடம் போகும் நோயாளியை முன்பே ஒருவர் பார்த்து, நோய்க்குப் பெயரிட்டு அனுப்பியிருப்பார். பெயரில்லாத நோயை முதன்முதலில் சந்திப்பவர் சிற்றூர் மருத்துவர்தான். அந்த நாற்காலிக்குக் குறைந்த படிப்புப் போதும் என்பது, கடலில் இறங்கும் படகுக்கு ஓட்டை இருந்தாலும் பாதகமில்லை, கரையில் நிற்கும் படகைப் பழுது பார்ப்போம் என்பது போன்றது.

படித்தவர்கள் இருந்த இடத்திலேயே தவறு நேர்வதில்லையா? நேர்கிறது. நம் மாவட்டத்தையே சொல்கிறேன். 2018 டிசம்பரில் சாத்தூர் அரசு மருத்துவமனையில் கருவுற்ற பெண் ஒருவருக்கு எச்.ஐ.வி. கிருமி கலந்த குருதி ஏற்றப்பட்டது. அந்தக் குருதி வந்தது சிவகாசி அரசு குருதி வங்கியிலிருந்து. நாடே நடுங்கியது. ஒரு சோதனையில் நேர்ந்த பிழை ஒரு குடும்பத்தின் வாழ்வைக் குலைத்தது. அதிலிருந்து நாம் கற்கவேண்டிய பாடம் என்ன? இன்னும் கூர்ந்த பயிற்சி, இன்னும் கடுமையான கண்காணிப்பு, இன்னும் கூடுதல் ஆட்கள். விளக்கு மங்கினால் திரியைத் தூண்டுவார்கள். “மங்கிவிட்டதே, இனி இருட்டே போதும்” என்று எவரும் அணைத்துவிடுவதில்லை.

மறுதரப்பின் வாதத்தையும் மறைக்க வேண்டாம். பகுத்தறிவாளனுக்கு அது அழகன்று. பழைய மருத்துவக் கவுன்சில் புனிதமானதாக இருந்ததா? இல்லை. 2010-இல் அதன் தலைவரே ஊழல் குற்றச்சாட்டில் கைது செய்யப்பட்டார். அதைக் கலைத்ததற்காக நாம் கண்ணீர் வடிக்கவில்லை. மருத்துவர்கள் சிற்றூருக்கு வருவதில்லை என்பதும் உண்மை. பல நாடுகளில் பயிற்சிபெற்ற செவிலியர்கள் மருந்து எழுதுகிறார்கள் என்பதும் உண்மை. சத்தீஸ்கரில் 2001-இல் மூன்றாண்டு மருத்துவப் படிப்பு தொடங்கினார்கள். அதில் தேறியவர்கள் காட்டுப்பகுதிகளில் பணிபுரிந்ததை ஆராய்ந்து நற்சான்று அளித்தவர்களும் உண்டு. அசாமும் 2004-இல் ஒரு சட்டம் செய்து மூன்றாண்டுப் படிப்பைத் தொடங்கியது.

ஆனால், அங்கே மூன்றாண்டு என்று எழுதினார்கள், பாடத்திட்டம் வகுத்தார்கள், வகுப்பில் உட்காரவைத்தார்கள். 32-ஆவது பிரிவில் ஓர் ஆண்டு என்றாவது, ஒரு மாதம் என்றாவது எழுதியிருக்கிறதா? இன்னொரு வேடிக்கையையும் கேளுங்கள். அசாம் சட்டமன்றம் செய்த அந்தச் சட்டம் செல்லாது என்று கௌகாத்தி உயர்நீதிமன்றம் 2014-இல் கூறியது. மருத்துவக் கல்வியின் தரம் பற்றிச் சட்டமியற்றும் அதிகாரம் மாநிலத்துக்கு இல்லை என்று 2023 ஜனவரியில் உச்சநீதிமன்றமும் உறுதி செய்தது. மாநிலம் மூன்றாண்டு படிக்கவைத்து அனுப்பினால் செல்லாது. டில்லி படிப்பின் அளவையே சொல்லாமல் அனுப்பினால் செல்லும்!

செவிலியரை நாம் குறைத்துப் பேசவில்லை. கிராம சுகாதாரச் செவிலியர் வெயிலில் நடந்து வந்திராவிட்டால், எங்கள் ஊர்களில் தடுப்பூசி ஏது? பாதுகாப்பான மகப்பேறு ஏது? 2021 ஆகஸ்டில் தமிழ்நாட்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில், நம் ஊர்ப் பெண்களே வீடு வீடாகச் சென்று இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை தந்தார்கள். மருத்துவர் கண்டறிந்த நோய்க்கு, மருத்துவர் எழுதிய மருந்தை, வாசலுக்குக் கொண்டுசேர்த்தார்கள். மருத்துவரின் கை நீண்டது. மருத்துவரை அகற்றிவிட்டு அந்த இடத்தில் கையை மட்டும் உட்காரவைப்பது வேறு!

இந்தத் திட்டத்தின் முகத்தை எங்கோ பார்த்ததுபோல் இருக்கிறதே என்று எண்ணினேன். ஆசிரியன் அல்லவா, நினைவுக்கு வந்துவிட்டது. 1953! இராசாசி அவர்கள் முதலமைச்சர். சிற்றூர்ப் பள்ளிகளில் குழந்தைகளுக்கு நாளுக்கு மூன்று மணி நேரம் மட்டும் வகுப்பு. மிச்ச நேரத்தில் அப்பன் தொழிலைக் கற்கட்டும் என்றார். நகரத்துப் பள்ளிக்கு அந்தத் திட்டம் இல்லை, நாட்டுப்புறத்துக்குத்தான்! சட்டமன்றத்தைக் கலந்து முடிவு செய்யவில்லை. எதிர்ப்பு மூண்ட பிறகே வல்லுநர் குழு அமைந்தது. அன்று சொன்ன காரணம் என்ன? பள்ளி போதவில்லை, ஆசிரியர் போதவில்லை, இருப்பதைக்கொண்டு எல்லோருக்கும் எட்டச்செய்ய இதுவே வழி! இன்று சொல்லும் காரணம் என்ன? மருத்துவமனை போதவில்லை, மருத்துவர் போதவில்லை, எல்லோருக்கும் எட்டச்செய்ய இதுவே வழி!

அன்று கிராமத்துப் பிள்ளைக்கு அரைப் பள்ளி. இன்று கிராமத்து நோயாளிக்கு அரை மருத்துவர். பற்றாக்குறை வரும்போதெல்லாம் பாதியாக்கப்படுவது யாருடைய பங்கு? சேரியில் வாழ்பவனின் பங்கு! கரிசல்காட்டில் உழைப்பவனின் பங்கு! அமைச்சரின் மகனுக்குக் காய்ச்சல் என்றால் ‘வரம்புள்ள உரிமம்’ பெற்றவரையா அழைப்பார்கள்? படிக்கட்டுபோல் மனிதரை அடுக்கி, கீழ்ப்படிக்குக் கீழான பங்கு என்று விதித்த மனுவின் சிந்தனை, பூணூலைக் கழற்றிவைத்துவிட்டுக் கோப்பு வடிவில் வந்திருக்கிறது.

1953 ஜூலையில் கழகம் மும்முனைப் போராட்டம் தொடங்கியபோது, அதில் ஒரு முனை இந்தக் குலக்கல்வித் திட்டத்துக்கு எதிரானது. பெரியார் நாடெங்கும் கனல் மூட்டினார். 1954 ஏப்ரலில் விருதுநகர் பெற்ற காமராசர் முதலமைச்சரானார். மே மாதத்தில் திட்டம் கைவிடப்பட்டது. ஆசிரியர் போதவில்லை என்பதற்கு அவர் கண்ட விடை, பாதிப் பள்ளி அன்று. மேலும் பள்ளிகள், மேலும் ஆசிரியர்கள், மதிய உணவு! அந்த விடையின் விளைவாகத்தான், எழுத்தறியாத பாட்டியின் பேரனாகிய நான் கரும்பலகை முன் நிற்கிறேன்.

மருத்துவத்திலும் அந்த விடையைத் தமிழ்நாடு எழுதிக்காட்டியிருக்கிறது. பல பத்தாண்டுகளாக மாநிலத்துக்குரிய பட்டமேற்படிப்பு இடங்களில் பாதி, அரசுப் பணியில் உள்ள மருத்துவர்களுக்கென ஒதுக்கப்பட்டது. ‘சிற்றூரில் பணிசெய், மேற்படிப்புக்கு வா, வல்லுநராகி அரசு மருத்துவமனைக்கே திரும்பு’ என்பது அதன் பொருள். நரிக்குடிக்கும் வீரசோழனுக்கும் இளம் மருத்துவர் வர வழிசெய்த கயிறு அதுதான். 2017-இல் மத்திய விதியைக் காட்டி அந்தக் கயிற்றை அறுத்தார்கள். 2020 ஆகஸ்டு 31-இல் உச்சநீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அமர்வு, அத்தகைய ஒதுக்கீடு செய்ய மாநிலத்துக்கு உரிமை உண்டு என்று தீர்ப்பளித்தது. சிற்றூருக்கு மருத்துவரை வரவழைக்கும் வழியை அறுத்தவர்கள்தாம், சிற்றூருக்கு மருத்துவர் வரவில்லையே என்று அங்கலாய்த்து 32-ஆவது பிரிவை எழுதினார்கள்!

இன்னும் கேளுங்கள். 2019-இல் மருத்துவர் போதவில்லை என்றது டில்லி. 2023 ஆகஸ்டில் அதே ஆணையம் மற்றோர் அறிவிப்பை வெளியிட்டது: பத்து இலட்சம் மக்களுக்கு நூறு மருத்துவ இடங்களே இருக்கலாம், அதைத் தாண்டிய மாநிலத்தில் புதிய கல்லூரிக்கு இடமில்லை! தமிழ்நாட்டில் அப்போதே இடங்கள் 11,000-ஐத் தாண்டியிருந்தன. சொந்தப் பணத்தைக் கொட்டிக் கல்லூரி கட்டிய மாநிலத்துக்குத் தண்டனை! எதிர்ப்பு எழுந்தது, சில மாதங்களிலேயே அறிவிப்பை நிறுத்திவைத்தார்கள். 2022 ஜனவரி 12-இல் தமிழ்நாட்டில் 11 அரசு மருத்துவக் கல்லூரிகள் திறக்கப்பட்டன. நம் விருதுநகர்க் கல்லூரியும் அவற்றில் ஒன்று. அந்த அளவுகோல் மூன்றாண்டு முன்னதாக வந்திருந்தால், அந்தக் கல்லூரி எழுந்தே இராது. முழு மருத்துவரை உருவாக்கும் கல்லூரிக்குப் பூட்டு. அரை மருத்துவருக்குத் திறவுகோல்! இதற்குப் பெயர் சீர்திருத்தமா?

அவசரத்தின் கதியையும் பாருங்கள். மருத்துவப் படிப்பை முடித்தவர் அனைவருக்கும் நாடு முழுவதும் ஒரே தேர்வு, மூன்றாண்டுக்குள் நடத்தியே தீருவோம் என்று 15-ஆவது பிரிவில் எழுதினார்கள். பதினெட்டு நாளில் சட்டம் செய்தவர்களால் மூன்றாண்டில் அந்தத் தேர்வை நடத்த முடியவில்லை. 2023 ஜூலையில் தள்ளிவைத்தார்கள். முன்னரே மாநிலங்களைக் கேட்டிருக்கலாமே! கேட்க மனமில்லை. 33 பேர் கொண்ட ஆணையத்தில் மாநிலங்களுக்கும் ஒன்றியப் பகுதிகளுக்கும் சேர்த்துப் பத்து இடம். அதுவும் இரண்டாண்டுக்கு ஒருமுறை மாறிமாறி! மருத்துவமனை நடத்துவது மாநிலம். சம்பளம் தருவது மாநிலம். தவறு நேர்ந்தால் மக்கள் முன் நிற்பது மாநிலம். விதி எழுதும் பேனா மட்டும் டில்லியில்!

நம் வீட்டுக் குறையையும் சொல்லிவிடுகிறேன். தமிழ்நாட்டு ஆட்சியாளர் யாராயினும், மருத்துவர் பணியிடம் காலியாகக் கிடக்கும் ஊரில் நின்றுகொண்டு டில்லியைப் பழித்தால் அது பாதி உண்மைதான். என் மாணவனைத் தூக்கிக்கொண்டு ஓடியவர்கள் ஏன் ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகவில்லை? “அந்த நேரத்தில் அங்கே யார் இருப்பார்கள்?” என்று அவன் தந்தை கேட்டார். அந்தக் கேள்விக்கு விடையளிக்கும் கடமை இங்குள்ளவர்களுக்கும் உண்டு. ஊசி போடுபவரின் வாசலில் கூட்டம் சேர்வது மக்களின் மடமையால் அன்று, மருத்துவர் இல்லாமையால்.

ஆகவே, இளைஞர் மன்றத்துத் தோழர்களே, கண்டனத் தீர்மானத்தோடு கலைந்துவிட வேண்டாம். 32-ஆவது பிரிவை நீக்கு என்று கேளுங்கள். நீக்கும்வரை அதன்கீழ் எந்த விதியும் மாநிலத்தின் இசைவின்றி வரக்கூடாது என்று கேளுங்கள். கூடவே, உங்கள் ஊர்ச் சுகாதார நிலையத்துக்கு ஒருநாள் நடந்து செல்லுங்கள். இரவில் மருத்துவர் இருக்கிறாரா? பாம்புக்கடிக்கு நஞ்சுமுறி மருந்து இருப்பில் உள்ளதா? எத்தனை குப்பி? வண்டி வர எவ்வளவு நேரம்? எழுதி வையுங்கள், ஊர்க்கூட்டத்தில் படியுங்கள். படிப்பகத்தில் செய்தித்தாள் வாசித்தே ஓர் இயக்கத்தை வளர்த்தவர்கள் நாம். சட்டத்தையும் வாசிப்போம்; இருப்புப் பதிவேட்டையும் வாசிப்போம்.

பாம்பு கடித்தால் மந்திரவாதியிடம் போகாதே, மருத்துவரிடம் போ என்று தலைமுறை தலைமுறையாகச் சொன்னோம். மக்கள் கேட்டார்கள். வேப்பிலையைக் கீழே போட்டுவிட்டு, பிள்ளையைத் தோளில் சுமந்துகொண்டு ஓடிவருகிறார்கள். ஓடிவந்து நிற்கும் அந்த வாசலில், நாற்காலியில் இருப்பவர் யார்? குழாயில் குருதியை எடுத்து இருபது நிமிடம் காத்திருக்கத் தெரிந்தவரா? அல்லது, வரம்புள்ள உரிமத்தைச் சுவரில் மாட்டிக்கொண்டு, “பயப்படாதீர்கள்” என்று ஊசி போட்டு அனுப்புபவரா?

என் மாணவன் இப்போது பள்ளிக்கு வருகிறான். முன் வரிசையில் உட்காருகிறான். “பெரியவனாகி என்ன ஆகப்போகிறாய்?” என்று கேட்டேன். “டாக்டர்” என்றான்.

முழு டாக்டராகட்டும். இந்த ஊருக்கே வரட்டும்.